வென்சுரிக் குழாயில் ஆவிமேகம் கழல்வதை அளப்பது எப்படி: நீரின் அமுக்கத்தன்மையை விட்டுவிடாத ஒரு முழுமையான வழிகாட்டி

வாய்க்காலில் தண்ணீர் இறங்கிய நாளில் மோட்டார் கொட்டகைப் பக்கம் போனால், பம்புக்குள் யாரோ சரளைக் கல்லை அள்ளிப் போட்டது போலச் சத்தம் கேட்கும். இழுவைப் பக்கத்தில் அழுத்தம் விழுந்து, நீர் கொதிக்காமலேயே ஆவியாகி, அந்த ஆவி மறுபடி நீராக நொறுங்கும் சத்தம் அது. இதைத்தான் கேவிட்டேஷன் என்கிறோம்.

திருவையாறு பக்கம் ஒரு போர் கொட்டகையில் இதையே ஒளிபுகும் அக்ரிலிக் வென்சுரிக்குள் (நடுவில் 'தொண்டை' என்ற குறுகிய இடம் உள்ள குழாய்க்குள்) வரவழைத்து, பொறியியல் மாணவர்களுடன் அளந்து வருகிறேன். ஆவிப் படலம் தொண்டையில் ஒட்டி வளர்ந்து, துண்டு துண்டாகக் கழன்று, கீழே போய் நொறுங்கும். அளப்பது கடினமில்லை. ஆனால் ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். 'நீர் அமுங்காது' என்று பள்ளியில் படித்ததை அப்படியே ஆவிமேகத்துக்குள்ளும் கொண்டு போய்விடுகிறார்கள். அதனால் இந்த வழிகாட்டி வால்வைத் திறப்பதில் தொடங்காமல் ஒரு கணக்கில் தொடங்குகிறது.

1. முதல் வேலை: கலவையின் ஒலிவேகத்தைக் கணக்கிடுங்கள்

30 டிகிரி செல்சியஸில் நீரில் ஒலிவேகம் வினாடிக்கு சுமார் 1,510 மீட்டர். குழாயில் நாம் ஓட்டுவது 20 மீட்டர். ஒலிவேகத்தோடு ஒப்பிட்டால் ஓட்டம் நத்தை வேகம், அதனால் நீர் அமுங்காது என்று வைத்துக்கொள்வதில் தவறில்லை. இது நீர் மட்டும் இருக்கும் வரை சரி.

நீரும் ஆவியும் கலந்த நுரையில் கதை மாறுகிறது. கலவைக்கு எடையைத் தருவது நீர், மெதுமையைத் தருவது ஆவி. கனமும் மெதுமையும் ஓரிடத்தில் சேர்ந்தால் அழுத்த அலை மிக மெதுவாகத்தான் நகரும். நீரை விட மெதுவாக மட்டுமல்ல, ஆவியை விடவும் மெதுவாக. இதைச் சொல்வது வுட் சமன்பாடு. ஆவிப் பங்கு (கலவையின் பருமனில் ஆவி எவ்வளவு என்பது) சுழிக்கோ ஒன்றுக்கோ மிக அருகில் இல்லாதபோது அதை இப்படிச் சுருக்கி எழுதலாம்:

ஒலிவேகத்தின் வர்க்கம் = 1.33 × அழுத்தம் ÷ (நீரின் அடர்த்தி × ஆவிப் பங்கு × (1 − ஆவிப் பங்கு))

30 டிகிரியில் நீரின் ஆவி அழுத்தம் (நீர் ஆவியாகத் தொடங்கும் அழுத்தம்) 4.25 கிலோபாஸ்கல், நீரின் அடர்த்தி கனமீட்டருக்கு 996 கிலோ. 1.33 என்பது நீராவியின் வெப்பக்கொள்ளளவு விகிதம். இவற்றைப் போட்டுப் பாருங்கள். ஆவிப் பங்கு 1 சதவீதம் என்றால் ஒலிவேகம் 24 மீட்டர். 10 சதவீதம் என்றால் 7.9. பாதிக்குப் பாதி என்றால் வெறும் 4.8 மீட்டர். 90 சதவீதத்தில் மறுபடி 7.9.

இந்தக் கணக்கில் ஆவி ஆவியாகவே, நீர் நீராகவே இருப்பதாக எடுத்துக்கொண்டோம். அலை போகும்போதே ஆவி நீராக மாறவும் நேரம் கிடைத்தால் ஒலிவேகம் இதற்கும் கீழே போகும். ஆக, இங்கே கிடைப்பது மேல் வரம்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

தொண்டையில் ஓட்டம் 20 மீட்டர், மேகத்துக்குள் ஒலிவேகம் 5 மீட்டர் என்றால் மாக் எண் (ஓட்ட வேகம் ÷ ஒலிவேகம்) 4. விமானத்துக்கு மட்டும் உரியது என்று நினைத்த மீயொலி ஓட்டம் நம் போர் கொட்டகைக் குழாயில் நடக்கிறது. மீயொலி ஓட்டம் இருந்தால் அதிர்ச்சி அலைக்கும் இடம் உண்டு. அடுத்து வரும் ஒவ்வொரு படியும் இதை வைத்துத்தான் அமைந்திருக்கிறது. இந்தக் கணக்கைத் தாளில் போடாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

2. முன்கூட்டியே தேவையானவை

வென்சுரி: செவ்வக வெட்டு, தொண்டை 10 மில்லிமீட்டர் உயரம், 20 மில்லிமீட்டர் அகலம். மேல் சுவர் தட்டையாக இருக்கட்டும், கீழ்த் தரை மட்டும் தொண்டைக்குப் பிறகு 8 டிகிரி சரியட்டும். வட்டக் குழாய் வேண்டாம். வளைந்த சுவர் ஒளியை முறித்து, படலத்தின் நீளத்தைத் தவறாகக் காட்டும். கோணத்துக்கும் காரணம் உண்டு. 4 டிகிரி போன்ற சிறு சரிவில் படலம் பெரும்பாலும் நிலையாக ஒட்டியே நிற்கும். 8 டிகிரியில்தான் மேகம் தெளிவாகக் கழல்கிறது. 'சின்னக் கோணம் என்றால் பாதுகாப்பு' என்று 4 டிகிரியில் செய்துகொண்டு வந்த ஒரு குழு, ஒன்றும் கழலவில்லையே என்று இரண்டு நாள் உட்கார்ந்திருந்தது.

அக்ரிலிக் தடிமன்: 20 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. 6 செ.மீ. உயரமும் 20 செ.மீ. நீளமும் உள்ள ஜன்னலை 100 கிலோபாஸ்கல் மானி அழுத்தம் 1,200 நியூட்டன் விசையோடு வெளியே தள்ளும். அதாவது 120 கிலோ மூட்டை ஒன்று ஜன்னல் மேல் சாய்ந்திருப்பதற்குச் சமம். போல்ட்டுகளை நெருக்கமாகப் போடுங்கள். முகத்துக்குக் கவசம் கட்டாயம்.

பம்பு: வயலில் இருக்கும் 5 குதிரைத்திறன் மையவிலக்குப் பம்பு தாராளம். தேவைக்கு மேல் வருவதை பைபாஸ் வால்வு வழியே தொட்டிக்கே திருப்பிவிட வேண்டும். பம்பைத் தொட்டியின் நீர்மட்டத்துக்குக் கீழே வையுங்கள். பம்பு நீரை மேலே இழுக்கும் நிலையில் இருந்தால் பம்புக்குள்ளேயே கேவிட்டேஷன் வந்து, எது எங்கே சத்தம் போடுகிறது என்று தெரியாமல் போகும்.

மானிகள்: வென்சுரிக்கு முன்னால் 2 இஞ்ச் குழாயில் ஒன்று, பின்னால் ஒன்று. கிளிசரின் நிரப்பிய மானி நல்லது, முள் ஆடாது.

மற்றவை: 500 லிட்டர் தொட்டி, 200 லிட்டர் டிரம், வெப்பமானி, ஒன்றிரண்டு பீசோ தகடு (பஸ்ஸருக்குள் இருக்கும் பித்தளைத் தகடு), நேர்மின்னோட்டத்தில் எரியும் எல்ஈடி விளக்கு, வினாடிக்கு 960 சட்டம் (ஃபிரேம்) எடுக்கக்கூடிய போன் கேமரா. ஈரத் தரையில் மும்முனை மின்சாரத்தோடு வேலை செய்கிறோம். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

3. நீரைத் தயார் செய்யுங்கள்

ஜூனில் மேட்டூர் திறந்து புதுத்தண்ணீர் வந்தவுடன் வாய்க்கால் நீரை எடுக்க ஆசை வரும். வேண்டாம். அதில் வண்டல் நிறைய. அக்ரிலிக்கைக் கீறிவிடும், வண்டல் துகளில் ஒட்டியிருக்கும் நுண்குமிழ்கள் ஆவியாதலை முன்கூட்டியே தொடங்கியும் வைக்கும். ஃபில்டர் பாயிண்ட் (ஆழமில்லாத குழாய்க் கிணறு) நீர் நல்லது. தொட்டியில் ஓர் இரவு மூடாமல் விடுங்கள். குமிழ்கள் மேலேறிப் போகும், இரும்புச் சத்து இருந்தால் அடியில் படியும்.

இந்த ஓர் இரவைத்தான் அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அதன் விலை என்ன என்று பாருங்கள். சாதாரணக் காற்றழுத்தத்தில் நீரில் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு காற்றுக்குமிழ் இருந்தாலே போதும், ஒலிவேகம் 1,510-லிருந்து ஏறக்குறைய 370 மீட்டருக்கு விழுந்துவிடும். கண்ணுக்கு அது இன்னும் நீர்தான். ஆனால் அழுத்த அலைக்கு அது வேறொரு பொருள். நூறில் ஒரு பங்கு என்றால் 120 மீட்டர்தான்.

கரைந்த காற்று வேறு, குமிழாக இருக்கும் காற்று வேறு. கரைந்திருக்கும் வரை அது ஒலிவேகத்தைத் தொடுவதில்லை. தொண்டையில் அழுத்தம் விழும்போது வெளியே வந்து, ஆவி நொறுங்கிய பின்பும் குமிழாகவே தங்கி, தொட்டிக்குத் திரும்பி, மறுபடி பம்புக்குள் வரும். அதனால் திரும்பும் குழாயின் வாயை நீர்மட்டத்துக்குக் கீழே, இழுவை வாயிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில் வையுங்கள். நடுவில் ஒரு தடுப்புப் பலகை இருந்தால் இன்னும் நல்லது.

4. இணைத்து, காற்றுக் கசிவைத் தேடுங்கள்

இணைக்கும் வரிசை: தொட்டி, பம்பு, பைபாஸ் கிளை, நுழைவு வால்வு, குறைந்தது ஒரு மீட்டர் நேர்க்குழாய், நுழைவு மானி, வென்சுரி, இன்னொரு நேர்க்குழாய், வெளியேறு மானி, வெளியேறு வால்வு, தொட்டி. நேர்க்குழாய் எதற்கு என்றால், வளைவிலிருந்து சுழன்றுகொண்டே வரும் நீர் படலத்தை ஒருபக்கமாகச் சாய்த்துவிடும்.

வென்சுரிக்கு அருகில் ரப்பர் ஹோஸ் போடாதீர்கள். ஹோஸ் விரிந்து சுருங்கும். அதுவும் ஒருவகை அமுக்கத்தன்மைதான், ஆனால் அது நீருடையதல்ல, குழாயுடையது. மேகம் கழலும் தாளத்தை ஹோஸ் தன் தாளத்துக்கு இழுத்துவிடும். மானிக்குப் போகும் சிறுகுழாயில் சிக்கிய காற்றுக்கும் இதே குணம் உண்டு. இணைப்பைச் சற்றுத் தளர்த்தி நீர் வழியும் வரை காற்றை வெளியேற்றுங்கள்.

அப்புறம் கிளாண்டு. பம்பு தண்டு நுழையும் இடத்தில் பேக்கிங் தேய்ந்திருந்தால் காற்று உள்ளே இழுபடும். நம் ஊர் மெக்கானிக்குகள் 'காத்து இழுக்குது' என்று சொல்வார்களே, அது. காற்று இழுக்கும் பம்பு கொழகொழவென்று பேசும், கேவிட்டேஷன் சரளைக்கல் போல வெடிக்கும். காற்று மெத்தை போல நின்று நொறுங்கலைத் தணித்துவிடுவதால்தான் இந்த வித்தியாசம். பெரிய அணைகளின் நீர்ப்போக்கிகளில் வேண்டுமென்றே காற்றைக் கலந்து கான்கிரீட்டைக் காப்பாற்றுவதும் இதே காரணத்தால். ஆனால் நம் சோதனையில் அந்த மெத்தை நாம் அளக்க வந்ததையே மூடிவிடும்.

5. ஓட்டுங்கள், கேவிட்டேஷன் எண்ணைக் குறியுங்கள்

நுழைவு வால்வை மூடி, பைபாஸை முழுதும் திறந்து மோட்டாரைப் போடுங்கள். பிறகு வெளியேறு வால்வை முழுதும் திறந்து, நுழைவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள். முதலில் தொண்டையில் மினுமினுப்பு, பிறகு வெள்ளைப் படலம்.

இங்கே வரும் பிழை எது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்: மானி அழுத்தத்தை அப்படியே போடுவது. மானி காட்டுவது காற்றழுத்தத்துக்கு மேல் உள்ளதை மட்டும். ஆவி அழுத்தமோ முழு அழுத்தக் கணக்கு. டெல்டா கடல்மட்டத்தை ஒட்டிய நிலம், ஆகவே மானி எண்ணோடு 101 கிலோபாஸ்கல் கூட்டுங்கள்.

தொண்டை அழுத்தம் ஆவி அழுத்தத்துக்கு இறங்கிவிட்டால் கணக்கு எளிதாகிறது. தொண்டை வேகத்தின் வர்க்கம் = 2 × (நுழைவு அழுத்தம் − ஆவி அழுத்தம்) ÷ அடர்த்தி. மானி 100 காட்டினால் முழு அழுத்தம் 201, வேகம் வினாடிக்கு 19.9 மீட்டர், ஓட்டம் வினாடிக்கு சுமார் 4 லிட்டர். டிரம்மில் பிடித்துச் சரிபாருங்கள். 200 லிட்டர் டிரம் 50 வினாடியில் நிரம்ப வேண்டும். நுழைவுக் குழாயில் நீருக்கு ஏற்கெனவே உள்ள வேகத்தை விட்டுவிட்டோம், அதன் பங்கு ஒரு சதவீதம்தான். டிரம் கணக்கு பத்து சதவீதத்துக்கு மேல் விலகினால் தொண்டையை மறுபடி அளங்கள். பெரும்பாலும் அக்ரிலிக் ஒட்டும்போது உயரம் மாறியிருக்கும்.

கேவிட்டேஷன் எண் = (வெளியேறு அழுத்தம் − ஆவி அழுத்தம்) ÷ (நுழைவு அழுத்தம் − ஆவி அழுத்தம்). வெளியேறு வால்வு முழுதும் திறந்திருக்கும்போது, அந்தப் பக்கம் ஏறக்குறைய காற்றழுத்தம் என்றால், இது 0.49. வால்வை மெல்ல மூடி வெளியேறு மானியை 50-க்குக் கொண்டுவந்தால் 0.75. எண் இறங்க இறங்கப் படலம் நீளும். நுழைவு மானியை 100-லேயே பிடித்துவைத்து வெளியேறு வால்வை மட்டும் திருப்பி ஐந்தாறு நிலைகளை எடுங்கள். இரண்டையும் ஒரே சமயத்தில் மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாது. டிரம் கணக்கு மாறாமல் இருக்கும் வரைதான் இந்தச் சுருக்க விதி செல்லும். ஓட்டம் குறையத் தொடங்கினால் தொண்டை ஆவி அழுத்தத்தில் இல்லை என்று பொருள், அப்போது வேகத்தை டிரம்மிலிருந்து எடுத்து, வெளியேறு அழுத்த வித்தியாசத்தை அந்த வேகத்தின் இயக்க அழுத்தத்தால் (½ × அடர்த்தி × வேகத்தின் வர்க்கம்) வகுக்க வேண்டும்.

தொடங்கும் புள்ளி வேண்டுமானால், கேவிட்டேஷன் நடக்கும் நிலையிலிருந்து மறையும் நிலைக்குப் போங்கள். தொடக்கம் நுண்குமிழ்களின் தயவில் நடக்கிறது, நாளுக்கு நாள் மாறும். மறையும் புள்ளி அவ்வளவு மாறாது.

வெப்பநிலையை ஒவ்வொரு நிலையிலும் எழுதுங்கள். பம்பு தரும் ஆற்றல் முழுவதும் கடைசியில் வெப்பமாகத் தொட்டியில்தான் சேரும். 3 கிலோவாட் 500 லிட்டரில் சேர்ந்தால் மணிக்கு 5 டிகிரி ஏறும். 30-லிருந்து 35 டிகிரிக்குப் போனால் ஆவி அழுத்தம் 4.25-லிருந்து 5.63 ஆகிறது. இதில் கேவிட்டேஷன் எண் 0.492-லிருந்து 0.488-க்குத்தான் நகரும், ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் கலவையின் ஒலிவேகம் 15 சதவீதம் ஏறிவிடும். ஒரே கேவிட்டேஷன் எண்ணில் காலையில் எடுத்த அளவும் மதியம் எடுத்த அளவும் ஒத்துப்போகாததற்கு இது ஒரு காரணம். ஓட்டத்தை மட்டும் பார்ப்பவருக்கு அந்தக் காரணம் கண்ணில் படாது.

6. கழலும் அதிர்வெண்ணை எடுங்கள்

படலத்தின் நீளத்தை அதிர்வெண்ணால் பெருக்கி வேகத்தால் வகுத்தால் ஸ்ட்ரூஹால் எண் கிடைக்கும். மேகம் கழலும் ஓட்டங்களில் அது பெரும்பாலும் 0.2-க்கும் 0.4-க்கும் இடையில் விழும். 0.3 என்று எடுத்துக்கொண்டு முன்கூட்டியே மதிப்பிடுங்கள். படலம் 30 மில்லிமீட்டர், வேகம் 20 மீட்டர் என்றால் அதிர்வெண் வினாடிக்கு 200.

இந்த மதிப்பீடு ஏன் முதலில் வேண்டும் என்றால், கேமராவுக்காக. வினாடிக்கு 240 சட்டத்தில் எடுத்தால் 200 முறை கழலும் மேகம் படத்தில் 40 முறை கழல்வது போலத் தெரியும். வேகமாகச் சுற்றும் வண்டிச் சக்கரம் மெதுவாகப் பின்னால் சுற்றுவதாகத் தெரிவது போல. படம் அழகாக, நம்பும்படியாக இருக்கும், எண் மட்டும் பொய். 960 சட்டத்தில் ஒரு சுற்றுக்கு ஐந்து படம்தான் வரும் என்றாலும் அதிர்வெண் சரியாகவே கிடைக்கும்.

கேமராவை விட ஒலி எளிது. பீசோ தகட்டை வென்சுரியின் தரைக்கு வெளிப்புறம் ஒட்டி, கணினியின் மைக் துளையில் இணைத்து, ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் பதிவு செய்து நிறமாலையைப் பாருங்கள். வினாடிக்கு 44,100 மாதிரி, தாராளம்.

நிறமாலையில் தெரியும் எல்லா முகடும் மேகம் அல்ல. 50, 100 இரண்டும் மின்சாரம். பம்பு நிமிடத்துக்கு 2,900 சுற்று என்றால் 48-ல் ஒரு முகடு. இம்பெல்லரில் ஆறு இறக்கை இருந்தால் 290-ல் இன்னொன்று. இவற்றைப் பிரிக்க ஒரே வழி, வெளியேறு வால்வைச் சற்றுத் திருப்புவது. படலம் நீளும்போது மேகத்தின் முகடு இடம் மாறும், மற்றவை நின்ற இடத்திலேயே நிற்கும். படலம் 60 மில்லிமீட்டருக்கு நீண்டால் மேகத்தின் முகடு 100-க்கே வந்து மின்சார முகட்டோடு கலந்துவிடும். அந்த நிலையை விட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். மின் விளக்கும் வினாடிக்கு 100 முறை துடிக்கும், அதற்குத்தான் நேர்மின்னோட்ட விளக்கு. வெயில் இருந்தால் அதை விடச் சிறந்த விளக்கு கிடையாது.

7. மேகம் எந்த வழியில் கழன்றது?

அமுக்கத்தன்மையின் வேலை நேரடியாகத் தெரிவது இங்கேதான். அதனால் இந்தப் படியில் நிதானமாக நில்லுங்கள்.

முதல் வழி, திரும்பும் தாரை. படலம் முடியும் இடத்தில் நீர் சுவரை நோக்கி மடங்கி, ஒரு மெல்லிய நாக்கு படலத்துக்கு அடியில் புகுந்து, ஓட்டத்துக்கு எதிராகத் தொண்டை நோக்கி ஊர்ந்து வரும். தொண்டையை நெருங்கியதும் படலத்தை வேரோடு அறுத்துவிடும். அறுபட்ட பகுதி சுருண்டு மேகமாகப் போகும். இதற்கு அமுக்கத்தன்மை தேவையே இல்லை. நீரின் உந்தமும் பின்னழுத்தமும் போதும்.

இரண்டாவது வழி, அதிர்ச்சி முன், அதாவது அதிர்ச்சி அலையின் முகப்பு (இனி 'முன்' என்று சுருக்கிச் சொல்வதும் இதையே). முன்பு கழன்ற மேகம் கீழே நொறுங்கும்போது ஒரு அழுத்தத் துடிப்பை அனுப்புகிறது. புதிதாக வளர்ந்த படலத்துக்குள் ஆவிப் பங்கு அதிகமாகவும் ஒலிவேகம் குறைவாகவும் இருந்தால், அந்தத் துடிப்பு செங்குத்தான சுவர் போல நின்று, படலத்தின் முழு உயரத்தையும் அடைத்துக்கொண்டு தொண்டை நோக்கி நகரும். அது தாண்டிய இடத்தில் ஆவி சட்டென்று நீராகிறது. தொண்டையைத் தொட்டதும் படலம் அறுபடும். 2016-ல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு ஆப்பு வடிவத்தின் மேல் இதை எக்ஸ்ரே கொண்டு படம்பிடித்துக் காட்டினார்கள். எக்ஸ்ரே எதற்கு என்றால், நுரை வெளிச்சத்தைச் சிதறடித்து உள்ளே நடப்பதை மறைத்துவிடும். சாதாரணக் கேமராவுக்குத் தெரிவது நுரையின் தோல் மட்டும்.

ஒரு கணக்குப் போட்டால் மனதில் பதியும். படலத்தில் ஆவிப் பங்கு 0.7, முன் தாண்டிய பிறகு 0.2 என்று வையுங்கள். கலவையின் அடர்த்தி 299-லிருந்து 797-க்குத் தாவுகிறது. அழுத்தத் தாவல் 20 கிலோபாஸ்கல், அதாவது காற்றழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. முன்னின் வேகத்தின் வர்க்கம் = அழுத்தத் தாவல் ÷ முன்னடர்த்தி ÷ (1 − முன்னடர்த்தி ÷ பின்னடர்த்தி). முன்னடர்த்தி 299, பின்னடர்த்தி 797. விடை 107, வேகம் வினாடிக்கு 10.3 மீட்டர். ஆவிப் பங்கு 0.7-ல் முதல் படியின் ஒலிவேகம் 5.2 மீட்டர். அதாவது மாக் 2. இவ்வளவு சிறிய அழுத்தத் தாவல் நீரில் ஒரு சலனத்தையும் உண்டாக்காது. நுரையில் அது ஒரு முழு அதிர்ச்சி அலை.

இந்த 10.3 மீட்டர் என்பது முன்னுக்கு எதிரே உள்ள கலவையைப் பொறுத்த வேகம். கலவையே ஓட்டத்தோடு கீழே போய்க்கொண்டிருக்கும். சுவரில் நின்று பார்க்கும் நமக்கு முன் அதைவிட மெதுவாகத்தான் ஏறும். கலவை முன்னைவிட வேகமாகப் போனால் முன் மேலேறவே முடியாது. இதை மறந்து கணித்த வேகமும் படத்தின் வேகமும் பொருந்தவில்லை என்று வந்தவர்கள் பலர்.

எது எது என்று பிரிக்க, படத்தின் ஒவ்வொரு சட்டத்திலும் தரையை ஒட்டிய ஒரே ஒரு கிடைவரிசையை வெட்டி எடுத்து, ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்குங்கள். கிடை அச்சு தூரம், செங்குத்து அச்சு நேரம். மேகம் போகும் கோடு ஒருபக்கம் சாயும், தொண்டைக்குத் திரும்பும் கோடு மறுபக்கம் சாயும். சாய்வுதான் வேகம். அதே வேலையைப் படலத்தின் மேல்விளிம்பை ஒட்டிய வரிசைக்கும் செய்யுங்கள். திரும்பும் கோடு தரை வரிசையில் மட்டும் தெரிந்தால் தாரை. இரண்டு வரிசையிலும் ஒரே நேரத்தில் ஒரே சாய்வில் தெரிந்தால் அதிர்ச்சி முன். இரண்டும் கலந்து, சில சுற்று அப்படியும் சில சுற்று இப்படியும் வருவது சகஜம். கேவிட்டேஷன் எண் இறங்க இறங்க அதிர்ச்சி முன்னின் பங்கு கூடும்.

போன் கேமராவின் 960 சட்டம் இதற்குப் போதாது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு சுற்றுக்கு ஐந்து படத்தை வைத்துச் சாய்வு வரைய முடியாது. வினாடிக்கு 5,000 சட்டமாவது தேவை. கல்லூரி ஆய்வகத்தில் அத்தகைய கேமரா இருந்தால் ஒரு நாள் கேட்டு வாங்குங்கள். இரண்டு பீசோ தகட்டை 20 மில்லிமீட்டர் இடைவெளியில் ஒட்டி நேர வித்தியாசத்தில் வேகம் எடுக்கலாமே என்று தோன்றும். நானும் செய்தேன். நொறுங்கும் சத்தம் அக்ரிலிக் வழியே ஒரே பாய்ச்சலில் இரண்டு தகட்டையும் அடைந்து, மெதுவாக வரும் முன்னை மூழ்கடித்துவிட்டது. தரையில் துளையிட்டு, நீரைத் தொடும்படி பதித்த அழுத்த உணரிகள் இருந்தால் மட்டுமே அந்த வழி நடக்கும்.

8. கணினியில் செய்யும்போது

எந்தத் தீர்ப்பான் (ஓட்டச் சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல்) என்ற கேள்விக்கு விடை ஏழாம் படியில் இருக்கிறது. திரும்பும் தாரை மட்டும்தான் என்றால் அமுக்கமில்லாத நீரும் ஆவிமாற்ற விதியும் கொண்ட தீர்ப்பான் போதும். ஓப்பன்ஃபோம் என்ற இலவச ஓட்டக் கணிப்பு மென்பொருளில் இன்டர்ஃபேஸ்சேஞ்ச்ஃபோம் அந்த வகை. அதிர்ச்சி முன் இருந்தால் அழுத்தமும் அடர்த்தியும் கட்டுண்ட தீர்ப்பான் வேண்டும், கேவிடேட்டிங்ஃபோம் அந்த வகை. முதல் வகையில் அழுத்தச் செய்தி ஒரே கணத்தில் எல்லா இடத்துக்கும் போய்விடுவதால், முன் ஊர்ந்து வருவதற்கு அங்கே இடமில்லை.

கேவிடேட்டிங்ஃபோமோடு வரும் மாதிரி வழக்கை நகலெடுத்து வடிவத்தை மட்டும் மாற்றுவது புதியவர்களின் வழக்கம். அதில் திரவ அடர்த்தி 830 என்று இருக்கும், அது எரிபொருளுக்கானது. நீருக்கு 996 போடுங்கள். அமுக்கக் கெழு என்பது ஒலிவேக வர்க்கத்தின் தலைகீழ், நீருக்கு 0.00000044. அதைவிட முக்கியம், கலவை விதியின் தேர்வு. லீனியர் என்று விட்டால் நீரின் கெழுவும் ஆவியின் கெழுவும் நேர்கோட்டில் கலக்கப்படும். முதல் படியில் கணக்கிட்ட அந்த 5 மீட்டர்ப் பள்ளம் அந்த நேர்கோட்டில் கிடையாது. வாலிஸ் என்ற தேர்வில் உண்டு.

வலையில் (ஓட்டப் பகுதியைச் சிறு அறைகளாகப் பிரித்த அமைப்பில்), திரும்பும் தாரையின் தடிமனுக்குள் எட்டுப் பத்து அறையாவது வேண்டும். தாரை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, ஆகவே அறை 0.1 மில்லிமீட்டர். அடுத்த இடி நேரப்படி, அதாவது கணக்கு ஒவ்வொரு முறையும் முன்னேறும் நேர அளவு. நீரின் ஒலி அந்த அறையைத் தாண்டும் நேரம் வினாடியில் 1.5 கோடியில் ஒரு பங்கு. ஓட்டம் தாண்டும் நேரம் அதைப் போல 75 மடங்கு. ஒலியின் நேரத்தையே பின்பற்றினால் 200 அதிர்வெண்ணுக்கு ஒரு சுற்று 75,000 நேரப்படி. நொறுங்கும் அழுத்த உச்சம் வேண்டுமென்றால் இந்த விலையைக் கொடுக்கத்தான் வேண்டும். முன்னின் வேகமும் அதிர்வெண்ணும் போதும் என்றால் ஒலி ஒரு நேரப்படியில் எத்தனை அறை தாண்டலாம் என்ற கூராண்ட் வரம்பைத் தளர்த்தலாம், ஏனென்றால் முன் ஊரும் வேகம் நுரையின் ஒலிவேக அளவுதான். தளர்த்திவிட்டு அழுத்த உச்சத்தையும் அறிக்கையில் எழுதுவது தவறு.

வெளியேறும் எல்லையில் அழுத்தத்தை நிலையாகக் கட்டினால், நொறுங்கிய மேகத்தின் துடிப்பு அங்கே மோதித் திரும்பி வந்து அடுத்த மேகத்தைக் கழற்றும். அலையை வெளியே விடும் எல்லை விதியைப் போடுங்கள், அல்லது வென்சுரிக்குப் பின் உண்மையான தொட்டியையே வரைந்துவிடுங்கள்.

கொந்தளிப்பு மாதிரியைப் பற்றி ஒன்று. வழக்கமான சராசரி மாதிரிகள் நுரைப் பகுதியில் பாகுத்தன்மையை மிகையாக்கி, திரும்பும் தாரையை நடுவழியில் நிறுத்திவிடும். படலம் கழலாமல் அசையாது நிற்கும். இதைப் பார்த்து 'ஓட்டம் நிலையானது' என்று முடிவு கட்ட வேண்டாம். கலவை அடர்த்தியைப் பொறுத்து கொந்தளிப்புப் பாகுத்தன்மையைக் குறைக்கும் ரெபூ திருத்தத்தைச் சேர்த்தால் மேகம் கழலத் தொடங்கும். வழக்கமாக அதில் அடுக்கு 10.

9. இரண்டையும் ஒப்பிடும் வரிசை

முதலில் ஓட்ட அளவு, டிரம்மோடு. அடுத்து படலத்தின் சராசரி நீளம். பிறகு அதிர்வெண். கடைசியாக முன்னின் வேகம். நீளம் பொருந்தாமல் அதிர்வெண் பொருந்தினால் அது தற்செயல், நம்பாதீர்கள். அழுத்த உச்சங்களை ஒப்பிடவே வேண்டாம். வலையை நுணுக்க நுணுக்க அவை ஏறிக்கொண்டே போகும், உங்கள் உணரியோ தன் முகப்பரப்பில் சராசரி எடுத்துத்தான் காட்டும்.

சோதனைப் பக்கம், ஒவ்வொரு நிலைக்கும் இருபது சுற்றாவது இருக்க வேண்டும். மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது பம்பின் வேகமும் மாறும், ஆகவே பதிவு ஓடும் நேரம் முழுக்க ஒருவர் நுழைவு மானியையே பார்த்துக்கொண்டிருக்கட்டும். மானி இரண்டு கிலோபாஸ்கலுக்கு மேல் நகர்ந்தால் அந்தப் பதிவை அழித்துவிட்டு மறுபடி எடுங்கள். முடித்ததும் வென்சுரியைக் காயவைத்து, தரையை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். படலம் முடியும் இடத்தில் சொரசொரப்பு தட்டினால் அரிப்பு தொடங்கிவிட்டது. அந்தத் தரையை மாற்றாமல் அடுத்த நாள் எடுக்கும் அளவு முதல் நாள் அளவோடு சேராது.